வேறுபடுத்துக

காலை நாலரை, சூரமங்கலம் மீன் மார்க்கெட்.
கடலூர் லாரி ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறது.
பதினெட்டுக் கணவாய், ஒரு கை அறுபடாமல்
என்றதும் தங்காயி சிரிக்கிறாள்:
"குழம்புக்கா, பரீட்சைக்கா?"

பரீட்சைக்குத்தான்.
விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் நான்,
பத்தொன்பது வருஷமாக
இந்த ஊரில் இல்லாத கடலைக்
கட்டைப்பையில் சுமந்து போகிறவள்.

கொசுறாக ஒரு நண்டைப் போட்டாள்.
"மருப் பிடிச்சது, யாரும் வாங்க மாட்டாங்க."
ஓட்டின் மேல் ஏழெட்டு வெள்ளைக் கூம்புகள்.
கொட்டலசு என்றேன்.
"கொட்டலசோ கொழுக்கட்டையோ,
சுரண்டிட்டுக் கொதிக்க வை."

பஸ்ஸில் மடியில் ஈரம் இறங்க இறங்க
கேள்வித்தாளின் கடைசி வரி ஞாபகம் வந்தது:
கணவாய், கொட்டலசு, வேறுபடுத்துக. ஐந்து மதிப்பெண்.
விடைக்குறிப்பு எனக்கு மனப்பாடம்.
கணவாய்க்கு மூன்று இதயம், நீல ரத்தம்,
நினைத்த மாத்திரத்தில் நிறம்.
கொட்டலசுக்கு இதயமே கிடையாது.
சின்ன வயதில் கொஞ்சம் அலைந்துவிட்டு
ஓர் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்
தலையை வைத்து சிமெண்ட் பூசிக்கொள்ளும்;
பிறகு ஆயுளெல்லாம்
காலை ஆட்டிச் சாப்பிடும்.
சுற்றிலும் சுவர் கட்டிக்கொண்டது ஒன்று.
சுவரையே உள்ளே விழுங்கிவிட்டது மற்றது:
முதுகைக் கீறினால் வெள்ளை ஓடு,
மேக்னசைட் மேட்டில் பெயர்த்தெடுத்த மாதிரி.

இரண்டு பத்தி, நடுவில் ஒரு கோடு.
கோடு போடுவது சுலபம்.

ஆய்வக ஜன்னலில் சேர்வராயன் மலை, பாதிக்கு மேல் மேகம்.
ட்ரேயில் பரப்பும்போது
செத்த கணவாயின் முதுகில் என் விரல் பட்ட இடம்
பழுப்பாகிறது, வெளிறுகிறது,
மறுபடி புள்ளி புள்ளியாகப் பழுப்பாகிறது.
மூன்று இதயமும் நின்றுபோன பிறகு
யாருக்குப் பயந்து இன்னும் ஒளிகிறாய்?

நண்டை எறிய மனம் வரவில்லை.
குளோரின் போகட்டுமென்று
முந்தாநாளே பிடித்து வைத்த மேட்டூர்த் தண்ணீர்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கல்லுப்பு,
கண்ணளவு இல்லை, தராசில் நிறுத்து.
நண்டு அசையவில்லை. அது ராத்திரியே போய்விட்டது.
அரை மணி கழித்து
ஓரத்துக் கூம்பின் வாய் பிளந்து
இமைமயிர் போல ஒரு கொத்துக் கால் வெளியே வந்து
தண்ணீரை வாரி உள்ளே இழுத்தது.
மறுபடி.
மறுபடி.

இடம்பெயராதது என்று குறிப்பில் இருக்கிறது.
விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி
எல்லாம் தாண்டி வந்திருக்கிறது
ஓர் அங்குலமும் நகராமல்.

பத்து மணிக்கு வெளித்தேர்வாளர், நாமக்கல்காரர்.
"ஸ்பெசிமன் ஆடக் கூடாதும்மா" என்று
வடிதாள் போட்டு மூடச் சொன்னார்.
முப்பத்தோராம் எண் மோகனாம்பிகை மட்டும்
தாளைத் தூக்கிப் பார்த்தாள்.
பார்த்தவள் பார்த்தபடி நின்றாள்.
மணி அடிக்கையில் அவள் விடைத்தாளில்
நடுக்கோடு ஒன்றுதான் இருந்தது,
அதுவும் கணவாய் மை பட்ட விரலால்
இரண்டு பக்கமும் இழுபட்டு.
முட்டை போட்டார்.

மலை மேலே ஏற்காட்டு விளக்குகள் வந்துவிட்டன.
வெட்டிய கணவாயெல்லாம் வாளியில்.
இதைக் கொண்டுபோய் விட
என்னிடம் கடல் இல்லை.
மின்விசிறிகளை நிறுத்தினேன்.
பூட்டுவதற்கு முன்
வற்றிய அளவுக்கு அரை டம்ளர் ஊற்றினேன்.
பொட்டலத்தில் இன்னும் அரைக் கிலோ
உப்பு இருக்கிறது.